அக்கரைக்குப் போன கறுப்புக் கோட்டு

டன்லீவ் தேயிலைத் தோட்டம், நோர்வூட், இலங்கை.
கடற்பயண உடை ஒழுங்குக் கமிட்டியின் முதலாவது கூட்டம். 1976 ஜனவரி 22, காலை பத்து மணி.

வந்திருந்தவர்கள்:
பெரிய துரை, தோட்ட நிர்வாகி (தலைவர்). நேரில் வரவில்லை, அவருடைய தொப்பி வந்திருந்தது.
பெரிய கிளாக்கர் திரு. லோரன்ஸ் (செயலாளர்).
கண்டாக்கு திரு. முத்துலிங்கம் (மலை வேலைகளின் மேற்பார்வை).
தோட்டப் பாடசாலை ஆசிரியை செல்வி பெற்றீசியா (பெண்கள் பகுதி).
சங்கத் தலைவர் செல்லசாமி (தொழிலாளர் சார்பில், நாற்காலி போதாததால் நின்றபடி).
டோபி மாயாண்டி (துணிமணி ஆலோசகர்).
கதவுக்கு வெளியே: சோலைமலை, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் ஆள், எட்டாம் நம்பர் லயத்து வீட்டு வரிசை. எதற்குக் கூப்பிட்டார்கள் என்பது அவனுக்குச் சொல்லப்படவில்லை.

சோலைமலையை உள்ளே விடாததற்குக் காரணம் காலில் அப்பியிருந்த சேறு. கவ்வாத்து மலையிலிருந்து நேரே வரச் சொல்லியிருந்தார்கள். கையில் கத்தி, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் கம்பளி. ஆபீஸ் கதவுக்கு வெளியே நிற்பது அவனுக்குப் புதிதல்ல. முப்பத்தெட்டு வயதில் அவன் அந்தக் கதவின் பச்சை வெளிப்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறான். உள்பக்கம் என்ன நிறம் என்று அவனுக்குத் தெரியாது.

இந்தியாவுக்குப் போகிறோம் என்று அறுபத்தேழில் எழுதிக் கொடுத்த மனு, ஒன்பது வருஷம் கழித்துப் பலித்திருந்தது. அவன், பெண்சாதி காளியாயி, மனு எழுதிய வருஷம் பிறந்த மகள் பூரணி, இன்னும் இடுப்பைவிட்டு இறங்காத மகன் சிவசாமி, நாலு பேருக்கும் பாஸ்போர்ட் வந்து ஆபீஸ் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. மார்ச் பதினெட்டாம் திகதி இரவு ஹட்டனில் ரயில் கோச்சி ஏற வேண்டும். மறுநாள் தலைமன்னாரில் கப்பல். அந்தத் திகதி தவறினால் எல்லாம் செல்லாது. திரும்ப மனு எழுத வேண்டும்.

அக்கரையில் அவனுக்கு யாரையும் தெரியாது. பாட்டன் புறப்பட்டு வந்த ஊரின் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் எழுபத்து நாலில் தோட்டத்தில் பட்டினி விழுந்தபோது நடுப்பிள்ளையைக் குழிக்குள் வைத்தவன் அவன். அதற்குப் பிறகு எந்த மண் என்று பார்க்கிற ருசி போய்விட்டது. நாலு பேரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தான்.

இந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மொத்தம் பத்து வரி. ஒன்பது வரி அம்மை ஊசியைப் பற்றியது. பத்தாவது வரி இப்படி இருந்தது: “பயணிகள் கப்பற் பயணத்துக்குத் தகுந்த உடை அணிந்திருப்பதைத் தோட்ட நிர்வாகம் உறுதிப்படுத்த வேண்டும்.”

கப்பற் பயணத்துக்குத் தகுந்த உடை எது? ஆபீஸில் கப்பலைப் பார்த்தவர் யாரும் இல்லை. பெரிய கிளாக்கர் நுவரெலியா வாவியைப் பார்த்திருந்தார். அதில் ஒரு படகு இருந்தது. அதை ஓட்டியவன் அரைக் காற்சட்டை போட்டிருந்தான். அது முன்மாதிரியாகாது. பெரிய கிளாக்கர் அலுமாரிகளைப் புரட்டி மூன்றாம் நாள் ஒரு சிறு புத்தகத்தைக் கண்டெடுத்தார். தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்ட கடைசி வெள்ளைக்காரத் துரை விட்டுச்சென்றது. இருபத்தொரு நாள் கடல் உல்லாசப் பயணம் போகும் கனவான்களும் சீமாட்டிகளும் எந்த மாலையில் எதை உடுத்த வேண்டும் என்று ஒரு கப்பல் கொம்பனி அச்சடித்தது. மொத்தம் இருபத்து மூன்று விதி. அட்டையில் ஒரு வெள்ளைக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தோட்டத்தில் கப்பலைப் பற்றி இருந்த ஒரே புத்தகம் அது. ஆகவே அது சட்டமாயிற்று.

“மாலை ஆறு மணிக்கு மேல், ஆண்கள் கறுப்பு டின்னர் கோட்டு, வெள்ளைச் சேட்டு, கழுத்துக்குக் கறுப்பு போ டை,” என்று பெரிய கிளாக்கர் வாசித்தார். “பழுப்பு நிறம் அறவே கூடாது. பெண்கள் கணுக்கால் மறைகிற நீள கவுன், முழங்கை வரைக்கும் வெள்ளைக் கையுறை. முதல் நாள் இரவு கப்பல் கப்பித்தான் விருந்து. வரிசையா நின்னு அவருக்குக் கை குடுக்கணும்.”

சங்கத் தலைவர் செல்லசாமி தொண்டையைச் செருமினார். “ஐயா, அந்தக் கப்பல் இருவத்தொரு நாளு போகுது. நம்ம கப்பல் தலைமன்னாருல இருந்து ராமேஸ்வரத்துக்கு மூணரை மணி நேரந்தானே.”

“அதனாலதான் சொல்றேன். இருவத்தொரு நாள்னா ஆறுதலா உள்ள போய் உடுப்பு மாத்திக்கலாம். மூணரை மணி நேரத்துல மாத்த நேரம் ஏது? ஏறும்போதே போட்டிருக்கணும்.”

செல்லசாமி யோசித்தார். “நம்ம பாட்டன்மாரு வரும்போது கோவணத்தோட வந்ததாத்தான் சொல்லுவாங்க,” என்றார்.

“அப்ப கமிட்டி இல்ல.”

பிறகு பெரிய கிளாக்கர் எழுந்து நின்றார். அவருக்குப் பேசுவதற்கு வாய்ப்புக் கிடைப்பது குறைவு, கிடைத்தால் விடமாட்டார். “நாம அனுப்புறது ஆளுங்கள இல்ல. இந்தத் தோட்டத்தோட பேர அனுப்புறோம். இவ்வளவு காலமும் இவுங்க ஓட்டைக் கம்பளியோட மழையில நின்னாங்க. நாம ஏதாச்சும் சொன்னோமா? சொல்லல. ஏன்னா அது வேலை. யாரும் பாக்க மாட்டாங்க. இது பயணம். நாலு பேரு பாப்பாங்க. அங்க இறங்கும்போது, இவன் எந்தத் தோட்டத்துக்காரன்னு கேட்டா நமக்குத்தான் அவமானம். இவன் மானத்தக் காக்கிறதுக்கு நமக்கு இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.”

கண்டாக்கு முத்துலிங்கம் கைதட்டினார். தீர்மானம் இதுதான்: உடைத் தகுதிச் சீட்டு பெற்றவருக்கே பாஸ்போர்ட் கொடுக்கப்படும். பெரிய கிளாக்கர் மேசையிலிருந்த தொப்பியின் பக்கம் திரும்பி மரியாதையாகச் சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு குறிப்பேட்டில், “தலைவர் மறுப்புத் தெரிவிக்கவில்லை” என்று எழுதினார். பதினாறாம் விதி வரை வந்தபோது தேநீர் வந்துவிட்டது. கூட்டம் கலைந்தது.

வெளியே வந்த கண்டாக்குதான் சோலைமலைக்கு விஷயத்தைச் சொன்னார். “டேய் சோலை, ஒங்கிட்ட டின்னர் கோட்டு இருக்கா?”

“என்னாங்கையா?”

“கோட்டுடா.”

“கோட்டு இருக்குதுங்க.”

இருந்தது. குளிருக்கு எல்லா ஆம்பிளைகளும் ஏதோ ஒரு பழைய கோட்டைப் போட்டுக்கொள்வது லயத்தில் வழக்கம். யாரோ ஒரு சின்னத்துரை போகும்போது விற்றதை சோலைமலையின் தகப்பன் வாங்கி, அவன் செத்த பிறகு இவன் போட்டுக்கொண்டிருந்தான். முழங்கைகள் இரண்டும் பிய்ந்திருந்தாலும் கோட்டு கோட்டுதான். நிறம் பழுப்பு.

“பழுப்பா?” கண்டாக்கு இரக்கத்தோடு தலையை ஆட்டினார். “ஆறு மணிக்கு மேல ஆகாதேடா.”

தோட்டத்தில் கறுப்பு டின்னர் கோட்டு ஒன்றே ஒன்று இருந்தது. அதே வெள்ளைக்காரத் துரை பங்களா அலுமாரியில் விட்டுப்போனது. டோபி மாயாண்டி அதைத் தூக்கிப் பார்த்து, பூச்சி உருண்டையை உதறி, வெளிச்சத்தில் பிடித்து, “நல்ல சரக்கு. ஆனா உள்ள இருந்த ஆளு ஆறடி,” என்று ஆலோசனை வழங்கினார். அந்த மூன்று மாதத்தில் அக்கரைக்குப் போக வேண்டிய குடும்பங்கள் பதினொன்று. கோட்டு ஒன்று. கமிட்டி இரண்டாம் முறை கூடி ஒரு வழி கண்டது. போகிறவன் கோட்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். இறங்கியதும் பார்சலில் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்தவன் போட்டுக்கொண்டு போவான்.

“இங்கயே போட்டுக் காட்டிட்டு, கோட்டத் திருப்பிக் குடுத்துட்டுப் போனா என்னாங்க?” என்று செல்லசாமி கேட்டார்.

“கப்பல்ல போடத்தானே கோட்டு?” என்றார் பெரிய கிளாக்கர்.

முதலாவது ஆள் ஆறாம் லயத்து அழகன். பெப்ரவரியில் திகதி. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சுண்ணாம்பால் ஒரு கப்பல் வரைந்து, அதற்குள் அவனை நடக்கவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். அழகன் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. கோட்டு அவன் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. கைகள் வெளியே வரவேயில்லை. சட்டையின் கைப்பட்டி அரை அங்குலம் தெரிய வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. மாயாண்டி ஊசி குத்திச் சரிசெய்தார். கோட்டுக்குக் கீழே என்ன என்பதைப் பற்றிப் பெரிய கிளாக்கர் வாசித்த பக்கத்தில் ஒன்றுமில்லை. அடுத்த பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. ஆகவே கோட்டுக்குக் கீழே இடுப்பில் கட்டிய சாரம்.

கண்டாக்கு கப்பித்தானாக நின்றார். அன்று வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்த முழு ஆட்களும் பழகிக்கொள்வதற்காக வரிசையில் வந்து அவருக்குக் கை கொடுத்தார்கள். பன்னிரண்டாவது ஆளோடு கண்டாக்கு கை துடைத்த கைலேஞ்சி கறுத்துவிட்டது. இனிமேல் பிரம்பின் முனையைத் தொட்டால் கை கொடுத்ததாகக் கருதப்படும் என்று அந்த இடத்திலேயே திருத்தம் செய்யப்பட்டது.

அழகன் பரீட்சையில் சித்தியடைந்தான். கோட்டோடு போனான். கோட்டு திரும்பி வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. செல்லசாமி அதைக் கூட்டத்தில் வாசித்தார். அழகன் யாரிடமோ சொல்லி எழுதுவித்திருந்தான். அக்கரையில் இறங்கியதும் முகாமில் வரிசையில் நின்றிருக்கிறான். அங்கே மேசையில் இருந்தவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட கோட்டுப் போட்டவனுக்கு உதவி எதற்கு என்று அரிசிச் சீட்டை மறித்துவிட்டார். இரவல் கோட்டு என்று அழகன் சொன்னதை அவர் நம்பவில்லை. கோட்டைச் சாட்சிப் பொருளாக எடுத்து வைத்துக்கொண்டார். விசாரணை முடியும்வரை தரமாட்டாராம். பிள்ளைகள் பட்டினி. ஐயாமார் தயவுசெய்து அது தோட்டத்துக் கோட்டுத்தான் என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும்.

பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“கவனிச்சீங்களா? பாத்தவுடனே பணக்காரன்னு நெனைச்சிருக்காங்க.”

கமிட்டி தன் முதல் வெற்றி என்று அதைப் பதிவுசெய்தது. அழகன் கேட்ட ஒரு வரியை எழுதுவது வெற்றியைக் கெடுக்கும் என்பதால் எழுதவில்லை.

மார்ச் முதலாம் திகதி தோட்டத்து ஆட்களின் செக்ரோல் பதிவில் சோலைமலையின் பேரும் காளியாயியின் பேரும் வெட்டப்பட்டன. போகிற ஆளுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத ஆளுக்கு மாவு இல்லை. வீட்டில் இருந்த மரவள்ளிக் கிழங்கை எண்ணி அவித்தார்கள். சோலைமலை ஒவ்வொரு காலையும் ஆபீஸுக்குப் போய்க் கதவுக்கு வெளியே நின்றான்.

“ஐயா, கோட்டு வந்துருச்சுங்களா?”

“வரும்.”

“பதினெட்டாந் தேதி கோச்சிங்க.”

“கோட்டுக்குத் தேதி தெரியும்டா, போ.”

காளியாயியின் பாடு வேறு. மிஸ் பெற்றீசியா அவளைப் பாடசாலைக்குக் கூப்பிட்டு, கிறிஸ்து பிறந்த நத்தார் நாடகத்தில் சம்மனசுத் தேவதைக்குப் போடுகிற வெள்ளை அங்கியை எடுத்துக் கொடுத்தாள். முதுகில் சிறகு தைத்திருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. சேலைக்கு மேல் அதை மாட்டியபோது கணுக்கால் மறைந்தது. கையுறைதான் இல்லை. கண்டாக்கு அரைக் காற்சட்டைக்குக் கீழே போடுகிற முழங்கால் மேஸ் காலுறை ஒரு சோடியைத் தந்து உதவினார். காளியாயியின் இரண்டு கையிலும் மேஸை முழங்கை வரைக்கும் இழுத்துவிட்டாள் பெற்றீசியா.

“வெரலு வெளிய வரலியே மிஸ்.”

“வரக் கூடாது. கொழுந்து பறிச்சிப் பறிச்சி வெரலெல்லாம் கறுத்துப் போயிருக்கில்ல? அத மறைக்கத்தானே இது.”

“இதப் போட்டுக்கிட்டு எப்புடி மிஸ் பிள்ளயத் தூக்குறது? வழுக்குது.”

பெற்றீசியா புத்தகத்தின் தமிழ்ப் பிரதியைப் புரட்டினாள். அவளே மொழிபெயர்த்து எழுதியது. “பிள்ளைங்கள ஆயா தூக்குவா.”

“ஆரு மிஸ் ஆயா?”

பெற்றீசியா இன்னும் இரண்டு பக்கம் புரட்டினாள். ஆயாவின் பெயர் போட்டிருக்கவில்லை. பிள்ளைகளைப் பற்றி ஒரே ஒரு விதிதான் இருந்தது: மாலை ஐந்து மணிக்குச் சாப்பாடு, அதன் பிறகு பெரியவர்கள் கண்ணில் படக்கூடாது. அவர்களுக்கு உடை விதி இல்லாததால் பூரணியும் சிவசாமியும் தாமாகவே சித்தியடைந்தார்கள். காளியாயியும் சித்தி. சுண்ணாம்புக் கப்பலுக்குள் அவள் நடந்தபோது லயத்துப் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆவி மாதிரி இருக்கிறாள் என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

பதினாலாம் திகதி சோலைமலை டோபியைத் தேடிப் போனான். “மாயாண்டி அண்ணே, பழுப்பக் கறுப்பாக்க முடியாதா?”

மாயாண்டி யோசித்தார். சாயம் வாங்க ஹட்டனுக்குப் போக வேண்டும். “தேயிலைத் தூளும் துருப்பிடிச்ச இரும்பும் சேந்தா கறுக்கும்டா. கவ்வாத்துக் கத்தியத் தேத்தண்ணிக்குள்ள போட்டுப் பாத்திருக்கியா? மை மாதிரி வரும்.”

பார்த்திருக்கிறான். இருபது வருஷமாகக் கத்தியைப் பிடித்த கை அது. தொழிற்சாலைக்குப் பின்னால் கூட்டித் தள்ளுகிற குப்பைத் தூளை ஒரு வாளியில் அள்ளி வந்தான். மண்ணும் தும்பும் கலந்த, மாட்டுக்கும் ஆகாத தூள். பழைய லாடம், ஆணி, தேய்ந்த கத்தி மூன்று எல்லாவற்றையும் போட்டுக் கோட்டை ஒரு பகல் முழுக்க அவித்தார்கள். சாயந்தரம் எடுத்தபோது அது வெள்ளைக்காரத் துரையின் கோட்டைவிடக் கறுப்பாக இருந்தது. காளியாயி முழங்கை ஓட்டைகளைத் தைத்தாள். பழைய குடைத்துணியில் ஒரு போ டை வெட்டினாள். அதைக் கட்டிக்கொண்டு நின்ற தகப்பனைப் பார்த்து, “கழுத்துல வண்ணாத்திப்பூச்சி,” என்றாள் பூரணி. அந்த மாதத்தில் சோலைமலை சிரித்தது அப்போதுதான்.

பதினாறாம் திகதி பரீட்சை. எட்டாம் லயத்திலிருந்து மடுவத்துக்கு அரை மைல். பாதி வழியில் நோர்வூட் மழை பிடித்துக்கொண்டது. கம்பளியைப் போர்த்துக்கொண்டு வரலாம்தான். கம்பளி உடைப் பட்டியலில் இல்லை என்று வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். மடுவத்துக்குள் நுழைந்தபோது வெள்ளைச் சட்டையில் கறுப்பு வடிந்திருந்தது. காலடியில் சுண்ணாம்புக் கப்பலுக்குள் கறுப்புத் தண்ணீர் தேங்கியது. ஆனாலும் கோட்டு இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. பெரிய கிளாக்கர் சுற்றி வந்து பார்த்தார்.

“நெறம் சரி,” என்றார். பேனாவைத் திறந்தார்.

கண்டாக்கு மூக்கைச் சுருக்கினார். குனிந்து கோட்டின் கையை முகர்ந்தார். கறுப்புத் தண்ணீரில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

“இது தேயிலை.”

“குப்பைத் தூளுங்கையா. சாயத்துக்கு.”

“தூள்ல குப்பைத் தூள், நல்ல தூள்னு ரெண்டு இல்ல. பெக்டரிக்கு வெளிய ஒரு ஆளுகிட்ட தோட்டத் தேயிலை இருந்தா அதுக்குப் பேரு என்னா?”

எல்லாருக்கும் அதற்குப் பேர் தெரியும். கைமுட்டி அளவு தூளுக்குப் பேர் வெட்டி லயத்தைவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். சோலைமலையின் பேர் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்ததால் அந்தத் தண்டனையைக் கொடுக்க முடியவில்லை. அது கமிட்டிக்கு ஒரு சங்கடமாக இருந்தது. செல்லசாமி தொழிலாளர் சார்பில் பேசினார்: ஆள் திருடனில்லை, கோட்டுத்தான் தேயிலையைக் குடித்திருக்கிறது, ஆகவே கோட்டை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். சங்கம் வென்றது. கோட்டைக் கழற்றி, கொழுந்துத் தராசில் நிறுத்து, எடை எழுதி, தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். சோலைமலை கறுத்த சட்டையோடும் போ டையோடும் மழையில் திரும்பி நடந்தான்.

பதினேழாம் திகதி கடைசிக் கூட்டம். இந்தத் தடவை சோலைமலை கதவைத் தாண்டி ஓரடி உள்ளே வந்துவிட்டான். யாரும் வெளியே போகச் சொல்லாததற்குக் காரணம் யாரும் நிமிர்ந்து பார்க்காததுதான். கதவின் உள்பக்கமும் பச்சைதான்.

“காளியாயி, பிள்ளைங்க ரெண்டு, மூணு பாஸ்போட்டு,” பெரிய கிளாக்கர் எண்ணி மேசையில் வைத்தார். “சோலைமலைக்குக் கோட்டு வந்ததும்.”

“ஐயா, நாளைக்குக் கோச்சிங்க. நான் தலைமன்னாரு வரைக்குமாச்சும் போயி, கப்பலுக்கு வெளிய நின்னு...”

“அங்க போயி உள்ள விடமாட்டேன்னு சொன்னா நீ அவமானப்படுவ. அத இங்கயே முடிச்சிக்கலாம்.”

“அப்ப அவுங்க மூணு பேரையும் நிப்பாட்டி வைங்க. சேந்து போறோம்.”

“தேதி போனா பாஸ்போட்டு செல்லாது. ஒனக்குத் தெரியாதா? ஒரு குடும்பத்துல முக்காவாசிப் பேரக் கமிட்டி ஒழுங்கா அனுப்பி வைக்குது. அதப் பாரு.”

சோலைமலை மேசையிலிருந்த மூன்று பாஸ்போர்ட்டையும் பார்த்தான். பிறகு, “கோட்டு வார வரைக்கும் நான் எங்கங்க இருக்கிறது? பேரு வெட்டியாச்சு. குடியிருக்கிற காம்பராவையும் நாளைக்கு ஒப்படைக்கச் சொல்லியிருக்கீங்க,” என்றான்.

நல்ல கேள்வி. பெரிய கிளாக்கரே அதை ஒத்துக்கொண்டார். புத்தகத்தை எடுத்தார். தேநீர் வந்ததால் நின்றுபோன இடத்திலிருந்து வாசித்தார். “விதி பதினேழு. உரிய உடை இல்லாத பயணிகள் மாலை ஆறு மணிக்கு மேல் பொது இடங்களில் நடமாடாமல், தங்கள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும். இரவுச் சாப்பாடு தட்டில் வைத்து அறைக்கே அனுப்பப்படும்.”

எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. புத்தகத்தில் எல்லாம் இருந்தது. சாப்பாடு பற்றிய வாக்கியம் உடையைப் பற்றியது அல்ல என்பதால் கமிட்டியின் அதிகாரத்துக்குள் வராது என்று தீர்மானிக்கப்பட்டது. காம்பராவை ஒப்படைத்த பின் அது தோட்டத்துடையது. ஆகவே பூட்டும் தோட்டத்துடையது. சாவி கண்டாக்கிடம். பெரிய கிளாக்கர் தொப்பியைப் பார்த்தார். தொப்பி மறுப்புத் தெரிவிக்கவில்லை.

அன்று அந்தியில் அடுப்படியில் காளியாயி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் போகல,” என்றாள்.

“போ.”

“அந்த ஊர்ல போயி ஆருகிட்ட நிக்கிறது? நீங்க இல்லாம.”

“நீ போகலன்னா பாஸ்போட்டு செத்துரும். திரும்ப எழுதிப் போட்டா இன்னொரு ஒம்பது வருசம். பூரணிக்குப் பதினெட்டு.”

“ஆகட்டுமே.”

“மாவு இல்ல புள்ள. கெழங்கு நாலுதான் இருக்கு. எழுவத்தி நாலுல என்னா நடந்துச்சி?”

அவள் சாக்கின் வாயை முடிச்சுப் போட்டாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டாள். “கோட்டு வந்தா வந்துருவீங்கல்ல?” என்றாள்.

“வந்துருவேன்.” அந்தத் திகதியோடு அவனுடைய பாஸ்போர்ட்டும் செத்துவிடும் என்பதை இருவரும் எடுக்கவில்லை.

“அழகன் அண்ணனப் பாத்தா அந்தக் கோட்டக் கிழிச்சி அடுப்புல வைக்கச் சொல்லப் போறேன்.”

“வேணாம். அது வந்தாத்தான் நான் வரலாம்.”

மறுநாள் மாலை ஐந்தரைக்கு லயத்துக்கு முன்னால் லொறி வந்து நின்றது. தூறல். போகிறவர்களை வழியனுப்ப லயமே வெளியே நின்றது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுவது வழக்கம்; காளியாயியின் வெள்ளை அங்கியில் சேறு பட்டால் சீட்டு ரத்தாகும் என்று கண்டாக்கு சொல்லியிருந்ததால் தள்ளி நின்று அழுதார்கள். பூரணி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் ஏறினாள். காளியாயிக்குக் கையால் எதையும் பிடிக்க முடியவில்லை. சோலைமலை அவளைத் தூக்கி ஏற்றினான்.

சிவசாமி தகப்பனைப் பார்த்துக் கையை நீட்டினான். சோலைமலை ஓரெட்டு வைத்தான். கண்டாக்கின் பிரம்பு அவன் மார்பில் குறுக்கே வந்தது. அடிக்கவில்லை, சும்மா வைத்திருந்தார்.

“ஆறாகப் போகுது சோலை.”

“லொறி போற வரைக்கும் நிக்கிறேங்க.”

“லொறி ஆறு மணிக்குத்தான் போகும். ஆறு மணிக்கு நீ பொது எடத்துல நிக்கலாமா?”

“இது லயத்து வாசலுங்கையா.”

“கப்பல் பயணம் எங்க ஆரம்பிக்குதுன்னு கமிட்டி கேட்டுச்சி. இந்த லொறியிலதான்னு முடிவாச்சி. அப்ப இது என்னா? துறைமுகம்.”

பெரிய கிளாக்கர் குடைக்குக் கீழே நின்று குறிப்பேட்டில் எழுதினார்: பயணிகள் மூவர், உடை திருப்தி. லொறி உறுமியது. மேஸ் மாட்டிய வெள்ளைக் கையொன்று பின்பலகைக்கு மேலே உயர்ந்தது. விரலில்லாத கை. போ என்கிறாளா, வா என்கிறாளா என்று தெரியவில்லை. யாரோ, “போயிட்டு வாங்க,” என்றார்கள். வழக்கத்துக்குச் சொல்வதுதான்.

சோலைமலை திரும்பிக் காம்பராவுக்குள் போனான். உள்ளே ஒன்றுமில்லை. அடுப்பைக் கூட்டிச் சுத்தம் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். நாலு மரவள்ளிக் கிழங்கும் அவித்து ஓர் இலையில் இருந்தன; வழிக்கு ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. சுவரில் பழுப்புக் கோட்டு மாட்டுகிற ஆணி. லொறி வளைவில் திரும்புவது கேட்டது. அதற்கு மேல் கேட்கவில்லை. ஹட்டனில் கோச்சி ஊதினால் சத்தம் இவ்வளவு தூரம் வராது.

கண்டாக்கு புதுப் பூட்டோடு வாசலில் நின்றார்.

“ஐயா,” என்றான் சோலைமலை, இருட்டுக்குள்ளிருந்து. “கோட்டு எப்புடியும் வந்துருங்களா?”

“வரணும்ல,” என்றார் கண்டாக்கு. “கடல் தாண்டி வரணும். அவசரப்பட்டா ஆகுமா?”

கதவைச் சாத்தினார். நாதாங்கியை மாட்டிப் பூட்டைப் பூட்டினார். சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.